வழுக்கினால் என்ன? இடம் இருந்தால் எழலாம்!

திருச்சியில் இருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் காட்டூர் இருக்கிறது. அதைத் தாண்டினால் திருவெறும்பூர். அங்கே ஒரு சிறு குன்று. குன்றின் மேல் ஒரு கோவில். அந்தக் கோவிலில் இருக்கும் சாமியின் பெயர், எறும்பீசுவரர்.

எறும்புக்கும் ஈசுவரனுக்கும் என்ன சம்பந்தம்?

தல புராணம் ஒரு கதை சொல்கிறது. தாரகாசுரன் என்று ஓர் அசுரன். அவன் தேவர்களை வாட்டி வதைத்தான். அவன் கண்ணில் படாமல் சிவபெருமானை வணங்கத் தேவர்கள் ஆசைப்பட்டார்கள். ஆகவே எறும்பாக உருவம் மாறி வந்தார்கள். லிங்கத்தின் மேல் ஏறப் பார்த்தார்கள். முடியவில்லை. லிங்கத்தில் எண்ணெய்ப் பசை. கால் வழுக்கியது. ஏறினார்கள், விழுந்தார்கள். மறுபடியும் ஏறினார்கள், மறுபடியும் விழுந்தார்கள்.

சிவபெருமான் பார்த்தார். "ஏறத் தெரியாதவர்கள் ஏன் வந்தீர்கள்?" என்று விரட்டவில்லை. தாமே மண் புற்றாக மாறினார். எறும்பின் கால் பதிய இடம் கொடுத்தார். ஏறுவதற்கு வசதியாகச் சற்றுச் சாய்ந்தும் கொடுத்தார். எறும்புகள் ஏறிவிட்டன!

பாட்டிமார் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை இது. ஆனால் இதில் பெரியவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. விழுகிறவனுக்குப் புத்திமதி மட்டும் போதாது. கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.

விளையாட்டுக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். அதிலும், வழுக்குவதையே கலையாக்கிய ஒரு விளையாட்டுக்கு மிகமிகப் பொருந்தும்.

பனிக்கட்டியில் கோலம்

அந்த விளையாட்டின் பெயர், ஸ்கேட்டிங். குளிர் நாடுகளில் பனிக்கட்டித் தரையின் மேல் ஆடுவார்கள். காலில் பூட்ஸ் போட்டிருப்பார்கள். பூட்ஸின் அடியில் கத்தி போன்ற ஓர் இரும்புத் தகடு இருக்கும். அந்தத் தகட்டின் மேல் நின்றுகொண்டுதான் ஓடவேண்டும், சுழலவேண்டும், தாவவேண்டும்.

தகட்டின் அடிப்பாகம் நடுவில் குழிந்திருக்கும். ஆகவே அதற்கு இரண்டு விளிம்புகள். ஒன்று உள் விளிம்பு. மற்றொன்று வெளி விளிம்பு. உடலை எந்தப் பக்கம் சாய்க்கிறார்களோ, அந்தப் பக்கத்து விளிம்பு பனியில் கோடு போடும்.

அந்தக் காலத்துப் போட்டிகளில் இந்தக் கோடுதான் முக்கியம். காலால் எட்டு போன்ற உருவம் வரையவேண்டும். வரைந்த கோட்டின் மேலேயே மறுபடியும் போகவேண்டும். கோடு பிசகினால் மார்க் குறையும். நீதிபதிகள் குனிந்து பார்த்து மார்க் போடுவார்கள். மார்கழி மாதத்தில் வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் உடனே புரியும். ஒரு வித்தியாசம்தான். இவர்கள் கையால் போடுகிறார்கள். அவர்கள் காலால் போட்டார்கள்! இந்தக் கோலப் பரீட்சை, 1990-ம் ஆண்டு வரை உலகப் போட்டிகளில் இருந்தது.

மூன்று தோல்வி, பத்து வெற்றி

இந்த விளையாட்டில் பெயர் பெற்றவர், உல்ரிக் சால்கோவ். சுவீடன் நாட்டுக்காரர். 1877-ம் ஆண்டு டென்மார்க்கில் பிறந்து, சுவீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமில் வளர்ந்தார்.

சால்கோவ் எடுத்த எடுப்பிலேயே வெற்றி பெறவில்லை. உலகப் போட்டியில் 1897-ல் இரண்டாம் இடம். 1899-லும் இரண்டாம் இடம். 1900-லும் இரண்டாம் இடம்தான். மூன்று முறை முதல் பரிசு கைக்கு எட்டி, வாய்க்கு எட்டாமல் போயிற்று.

வேறு ஒருவராக இருந்தால் பூட்ஸைக் கழற்றி வைத்திருப்பார். சால்கோவ் கழற்றவில்லை. 1901-ல் உலக வெற்றி வீரர் ஆனார். அதில் இருந்து 1905 வரை ஆண்டுதோறும் அவருக்கே முதல் பரிசு. பிறகு 1907-ல் இருந்து 1911 வரை மறுபடியும் அவருக்கே! ஆக, பத்து முறை உலக வெற்றி வீரர். ஐரோப்பியப் போட்டியில் ஒன்பது முறை முதல் பரிசு. 1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம்.

1909-ல் அவர் புதிதாக ஒரு தாவலைச் செய்து காட்டினார். ஒரு காலின் உள் விளிம்பில் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எழும்பவேண்டும். அந்தரத்தில் ஒரு சுற்று சுற்றவேண்டும். மறு காலின் வெளி விளிம்பில் பின்பக்கமாகவே இறங்கவேண்டும். அந்தத் தாவலுக்கு இன்றும் "சால்கோவ்" என்றே பெயர்.

அவர் ஒரு சுற்று சுற்றினார். இன்று நான்கு சுற்று சுற்றுகிறார்கள். பெண்களில் நான்கு சுற்றுத் தாவலைப் போட்டியில் முதன்முதலில் செய்தவர், ஜப்பானைச் சேர்ந்த மிக்கி ஆண்டோ. ஆண்டு 2002. அவர் செய்ததும் சால்கோவ் தாவல்தான்!

சால்கோவ் 1920-ம் ஆண்டு மறுபடியும் ஒலிம்பிக்குக்குப் போனார். அப்பொழுது அவருக்கு வயது 42. நான்காவது இடம்தான் கிடைத்தது. அதற்காக அவர் விளையாட்டை வெறுக்கவில்லை. 1925-ல் உலக ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவர் ஆனார். 1937 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஆடுகிறவராக இருந்தவர், மற்றவர்கள் ஆடுவதற்கு ஏற்பாடு செய்கிறவராக மாறினார். 1949-ல் காலமானார்.

பெண்ணுக்குப் பூட்டிய கதவு

1902-ம் ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது. சால்கோவ் முதல் பரிசு பெற்ற அந்த உலகப் போட்டியில், இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? ஒரு பெண்ணுக்கு! இங்கிலாந்தைச் சேர்ந்த மேட்ஜ் சயர்ஸ் என்ற அந்தப் பெண், ஆண்களோடு போட்டியிட்டு அவர்களை முந்தினார். பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று அன்றைய விதிகளில் சொல்லப்படவில்லை. பெண் ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை!

சால்கோவ் தம்முடைய தங்கப் பதக்கத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துப் பாராட்டினார் என்று சொல்வார்கள்.

சங்கம் என்ன செய்தது? அடுத்த ஆண்டே, "பெண்கள் வரக்கூடாது" என்று கதவைச் சாத்தியது. ஆனால் சாத்திய கதவை அதிக நாள் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1906-ல் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்தார்கள். அதில் மேட்ஜ் சயர்ஸ் முதல் பரிசு பெற்றார். 1908 ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் பெற்றார். 1920 ஒலிம்பிக்கில், சுவீடனைச் சேர்ந்த மக்டா யூலின் தங்கம் வென்றார். அப்பொழுது அவர் கர்ப்பிணி!

சுவீடன்காரர்களுக்கு மட்டும் காலில் ஏதாவது மந்திரம் இருந்ததா? மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. குளிர்காலத்தில் அங்கே ஏரியும் குளமும் உறைந்துபோகும். வீட்டை விட்டு இறங்கினால் விளையாடும் தளம் தயார். இயற்கையே இடம் கொடுத்தது. சங்கம் வைத்துச் சொல்லிக்கொடுக்கவும் பெரியவர்கள் இருந்தார்கள். அதனால் குழந்தைகள் விழுந்தார்கள், எழுந்தார்கள், வீரர்களானார்கள்.

தமிழ்க் குடும்பத்துப் பெண்

"அது குளிர் நாட்டுக்காரர் சமாச்சாரம். தமிழருக்கும் அதற்கும் என்ன?" என்று கேட்கலாம்.

தாரா பிரசாத் என்ற பெண்ணின் கதையைக் கேட்டால் இந்தச் சந்தேகம் தீரும். அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்து அமெரிக்கா போனவர்கள். தாரா, 2000-ம் ஆண்டு அங்கே பிறந்தார். பனித்தளம் இருக்கும் நாட்டில் வளர்ந்ததால், பனியில் ஆடக் கற்றுக்கொண்டார். 2019-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். இந்தியாவுக்காக ஆடினார். 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் தேசிய வெற்றி வீராங்கனை ஆனார். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் தாராவுக்கு எட்டாவது இடம்.

இரத்தம் அதே தமிழ் இரத்தம்தான். மாறியது எது? காலுக்குக் கீழே இருந்த தரைதான்!

பனி இல்லையா? சக்கரம் இருக்கிறது!

சரி, திருச்சி வெயிலில் பனிக்கு எங்கே போவது? பனி வேண்டாம். தகட்டுக்குப் பதில் சக்கரம் வைத்த பூட்ஸ் இருக்கிறது. சிமெண்டுத் தரை போதும். இந்தியப் பிள்ளைகள் சக்கரத்தின் மேல் நின்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

ஐதராபாத்தைச் சேர்ந்தவர் அனுப்குமார் யாமா. பனியில் ஆடும் அதே சுழலையும் தாவலையும் இவர் சக்கரத்தின் மேல் ஆடினார். 2010-ல் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனி ஆட்டத்துக்கு ஒரு வெண்கலம் பெற்றார். அவனி பஞ்சாலுடன் ஜோடி சேர்ந்து ஆடி இன்னொரு வெண்கலமும் பெற்றார்.

2023 அக்டோபர் 2-ந் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. சக்கர ஸ்கேட்டிங்கில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டம். இந்தியப் பெண்கள் அணிக்கு வெண்கலப் பதக்கம். ஆண்கள் அணிக்கும் வெண்கலப் பதக்கம். பெண்கள் அணியில் இருந்த ஆரத்தி கஸ்தூரி ராஜ், சென்னையைச் சேர்ந்தவர். மருத்துவம் படித்தவர். ஆண்கள் அணியில் இருந்த ஆனந்த்குமார் வேல்குமாரும் சென்னை வாலிபர்தான்.

இந்த ஆனந்த்குமாரின் வரலாறு, சால்கோவின் வரலாற்றைப் போலவே படிப்படியாக ஏறியது. 2021-ல் கொலம்பியாவில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் 15 கிலோ மீட்டர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம். 2023-ல் ஆசிய வெண்கலம். 2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில், 1,000 மீட்டர் பந்தயத்தில் வெண்கலம்.

அடுத்த மாதமே, செப்டம்பரில், சீனாவின் பெய்டாய்ஹே நகரில் உலக வேக ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. 500 மீட்டரில் வெண்கலம். 1,000 மீட்டரில் தங்கம்! நேரம், 1 நிமிடம் 24.924 விநாடி. பிறகு 42 கிலோ மீட்டர் நீண்ட பந்தயம். அதிலும் தங்கம்! வேக ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.

வெள்ளியில் இருந்து தங்கத்துக்குப் போக நான்கு ஆண்டுகள் ஆயின. கொஞ்சமாவது பொறுமை இல்லாத வீட்டில் இது நடக்குமா?

திருச்சி மண்ணின் கால்கள்

திருச்சி மாவட்டத்துக் காலுக்கும் வலிமை குறைவில்லை. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டம் நடந்தது. இந்திய அணியில் ஓடியவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்! ஒருவர், சுபா வெங்கடேசன். மற்றொருவர், லால்குடிப் பக்கத்தில் இருந்து இராணுவத்துக்குப் போன ஆரோக்கிய ராஜீவ். மூன்றாமவரான ரேவதி வீரமணி மதுரைப் பெண். ஓடுகிறவர்கள் இந்த மண்ணில் உருவாகிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஓடுவதற்கு ஒரு மைதானம் போதும். அந்த மைதானத்தை யாரோ விட்டுவைத்ததால் அவர்கள் ஓடினார்கள்.

1965-ல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் வீடுகள் பெருகின. காட்டூரும் வளர்ந்தது, மாநகராட்சியோடு சேர்ந்தது. வீடு வேண்டியதுதான். ஆனால் எல்லா இடமும் மனையாகிவிட்டால் குழந்தைகள் எங்கே போவார்கள்? தெருவுக்குத்தான் போவார்கள். சக்கர பூட்ஸ் மாட்டிய குழந்தை தெருவில் இறங்கினால் எதிரே மோட்டார் சைக்கிள் வருகிறது. பின்னால் ஆட்டோ வருகிறது. தாய்க்கு வயிற்றில் புளி கரைக்கிறது. "போதும், உள்ளே வா!" என்று கூப்பிடுகிறாள். பூட்ஸ் பரண் மேல் ஏறுகிறது. ஒரு வீரனின் வரலாறு அங்கேயே முடிந்துபோகிறது.

தாய் மீது குற்றம் இல்லை. குழந்தை மீதும் குற்றம் இல்லை. இடம் இல்லாததுதான் குற்றம்.

கட்டினால் மட்டும் போதாது

இடம் என்றவுடன் கோடிக்கணக்கில் பணம் செலவழிக்கவேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. பெரிய கட்டிடம் கட்டிவிட்டுப் பூட்டி வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

டேராடூனில் 2011-ம் ஆண்டு ஒரு பெரிய பனித்தளம் கட்டினார்கள். தெற்காசியக் குளிர்காலப் போட்டி அங்கே நடந்தது. போட்டி முடிந்தது. பிறகு தளம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2025-ல்தான் மறுபடியும் சர்வதேசப் போட்டி நடத்தும் நிலைக்கு வந்தது. இடையில் போன ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்! அவர்களுடைய வயதை யாராலும் திருப்பித் தர முடியாது.

சிம்லாவில் வேறு மாதிரி. அங்கே 1920-ல் இருந்து ஒரு பனித்தளம் இருக்கிறது. குளிர்காலத்தில் தரையில் தண்ணீர் விடுகிறார்கள். இரவுக் குளிரில் அது உறைகிறது. வெயில் ஏறும் முன்பும், இறங்கிய பின்பும் விளையாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பெரிய செலவைவிட விடாத பழக்கம் மேலானது என்பதற்கு சிம்லா ஓர் எடுத்துக்காட்டு.

இருபது சென்ட் போதும்!

சக்கர ஸ்கேட்டிங்குக்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள வழவழப்பான சிமெண்டுத் தரை இருந்தால் நன்றாகப் பழகலாம். நிலக் கணக்கில் சொன்னால் சுமார் 20 சென்ட். சுற்றிலும் இடுப்பளவு தடுப்பு. மேலே நான்கு விளக்கு. அவ்வளவுதான். காலையில் ஸ்கேட்டிங், பகலில் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி, மாலையில் சிலம்பம் என்று அதே தரையைப் பலருக்கும் பயன்படுத்தலாம்.

காட்டூர் போன்ற பகுதிகளில் பள்ளிக்கூட மைதானத்தின் ஓர் ஓரத்தையோ, பொது இடத்தின் ஒரு பகுதியையோ இதற்கு ஒதுக்கலாம். மாநகராட்சி மனம் வைக்கவேண்டும். பள்ளிக்கூடம் சம்மதிக்கவேண்டும். தொழிற்சாலைகள் கைகொடுக்கலாம். ஊர்க்காரர்கள் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு காரியங்களை மறக்கக் கூடாது. ஒன்று, பெண் பிள்ளைகள் தைரியமாக வந்து போக நேரமும் வெளிச்சமும் வேண்டும். 1903-ல் ஐரோப்பாவில் சாத்திய கதவை இங்கே மறுபடியும் சாத்தக்கூடாது. மற்றொன்று, தலைக்கவசமும் முழங்கால் முழங்கைக் காப்பும் ஏழைக் குழந்தைக்கும் கிடைக்கவேண்டும். பத்து ஜோடி பூட்ஸை மன்றத்தில் பொதுவாக வைத்திருந்தால், முறை வைத்து நாற்பது குழந்தைகள் பழகலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

"விளையாடினால் படிப்பு கெட்டுப்போகாதா?" என்பது பெற்றோர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆரத்தி மருத்துவம் படித்தார். ஆனந்த்குமார் பொறியியல் படித்தார். அதிகாலையில் எழுந்து பழகும் பிள்ளைக்கு நேரத்தின் அருமை தெரியும். அந்தப் பழக்கம் படிப்புக்கும் உதவும்.

"என் பிள்ளைக்குப் பதக்கம் வருமா?" என்று இன்னொரு கேள்வி. எல்லோருக்கும் வராது. சால்கோவுக்கே மூன்று முறை முதல் பரிசு வரவில்லை. பதக்கம் வராவிட்டாலும் விழுந்தவுடன் அழாமல் எழுந்திருக்கும் குணம் வரும். பரீட்சையில் தவறினாலும், வியாபாரத்தில் நொடித்தாலும், அந்தக் குணம் கைகொடுக்கும். அதைக் கடையில் வாங்க முடியாது. தினமும் விழுந்துதான் வாங்கவேண்டும்.

ஆகவே குழந்தை தோற்று வந்த நாளில் திட்டாதீர்கள். ஜெயித்து வந்த நாளில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். இரண்டு நாளிலும் நேரத்துக்குச் சாப்பாடு போட்டு, நேரத்துக்குத் தூங்க வையுங்கள். ஒரு வீரனுக்கு வீடு செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

ஊர் செய்யவேண்டிய உதவி வேறு. பதக்கம் பெற்று வந்த பிறகு மாலை போடுவது சுலபம். சுவரொட்டி ஒட்டுவதும் சுலபம். பதக்கம் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு குழந்தை விழுந்துகொண்டிருக்கும்போது, அதற்கு ஒரு தரை போட்டுக் கொடுப்பதுதான் பெரிது.

குன்றின் மேல் இருக்கும் எறும்பீசுவரர் அதைத்தான் செய்தார். எறும்பு ஏறி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. எறும்பு வழுக்கியபோதே இடம் கொடுத்தார்.

காட்டூரின் குழந்தைகள் தெருவில் வழுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இருபது சென்ட் இடம் கொடுங்கள். ஏறுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!